ஆழமாகத் தோண்டச் சொன்ன கடதாசி

இலங்கையில் கற்பிட்டி வாடிவீட்டில், அதாவது அரசாங்கப் பயணியர் விடுதியில், கீப்பராக இருந்தபோது நான் எழுதிய ஒரு கடதாசி, ஏழு குடும்பங்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்றைக் கெடுத்தது. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம் அது. இப்போது விருந்தினர் விடுதிகளில் வேலைக்குச் சேருகிற இளம் ஆட்கள் சிலர், வருகிற பயணிகளுக்கு என்னென்ன ஆலோசனை எழுதி வைக்கலாம் என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். என்ன எழுதலாம் என்பதைவிட, எப்படி எழுதக்கூடாது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

1. துரைசானி கொண்டுவந்த மோல்டா

எங்கள் வாடிவீட்டில் மூன்று அறைகள். களப்பு என்கிற உப்பங்கழியைப் பார்த்தபடி ஒரு விறாந்தை, அதில் நான்கு சாய்மனைக் கதிரைகள். மார்கழியிலிருந்து சித்திரை வரை மலைநாட்டுத் தோட்டத் துரைமார் குடும்பத்தோடு வருவார்கள். சமையலுக்கு ஆள் இருந்தான். விளக்கு, கொசுவுக்கு நுளம்புவலை, வெந்நீர், சோடா எல்லாம் என் பொறுப்பு. ஆனால் என் நேரத்தில் பாதி, கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே போகும். தீவுகளுக்குப் போக வள்ளம் கிடைக்குமா? கடலில் இறங்கிக் குளிக்கலாமா? பாலாவி தாண்டி மணல் ரோட்டில் கார் புதைந்தால் யாரைக் கூப்பிடுவது? வருகிற ஒவ்வொருவருக்கும் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்.

ஒரு நத்தார் காலத்தில், கிறிஸ்மஸ் விடுமுறைக்கு, ஹார்வுட் என்ற தேயிலைத் தோட்டத் துரையும் அவருடைய மனைவியும் வந்து ஒரு கிழமை தங்கினார்கள். அந்தத் துரைசானி கேட்ட கேள்விகள் மற்றவர்களுடையவை மாதிரி அல்ல. இந்த ஊரில் திரிகிற கழுதைகளுக்குச் சொந்தக்காரர் யார்? கடற்கரையில் கருவாடு காயப்போடும் பெண்கள் ஏன் ஒரு பக்கம் மட்டும் உப்புப் போடுகிறார்கள்? எனக்குத் தெரியாததையும் கேட்பார். தெரியாது என்றால் கோபப்படமாட்டார், கொப்பியில் குறித்துக்கொள்வார்.

ஒருநாள் அவர் பெட்டியைத் திறந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். சீமையிலிருந்து திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலிலுள்ள மோல்டாத் தீவில் பத்து நாள் தங்கினார்களாம். அங்குள்ள ஹோட்டல் ஒன்று, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கென்று அச்சடித்துக் கொடுத்த ஆலோசனைத் தாள் அது.

நான் அதை வாங்கி மூன்று தடவை வாசித்தேன். எனக்கு அது ஒரு புதினமாக இருந்தது. அந்தத் தீவில் ஆறு கிடையாது. ஆட்டுக்காரர்கள் ஆடுகளை வாசலுக்கே ஓட்டி வந்து பால் கறந்து கொடுப்பார்கள், காய்ச்சாமல் குடித்தால் காய்ச்சல் வரும். கிறிஸ்தவக் கோயிலுக்குள் போகிற பெண்கள் தோளை மூடவேண்டும். பகலில் கடைகள் பூட்டியிருக்கும், எல்லோரும் நித்திரை. தெற்கேயிருந்து சிரொக்கோ என்றொரு சூட்டுக்காற்று வரும், அது வீசுகிற நாட்களில் வள்ளத்தில் ஏறவேண்டாம். ஆழமில்லாத கிணற்றுத் தண்ணீரை நம்பவேண்டாம், பாறையில் ஆழமாக வெட்டிய பழைய கிணறுகளின் தண்ணீரே குளிர்ச்சியும் சுத்தமும் ஆனது.

எங்கோ இருக்கிற ஒரு தீவை விறாந்தையில் இருந்தபடி சுற்றி வந்தது போலிருந்தது. பள்ளிவாசல்துறையில் நான் பிறந்த வீட்டைக்கூட ஒருவருக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியிருப்பேனா என்று யோசித்தேன்.

"நீங்களும் இப்படி ஒன்று எழுதி மாட்டலாமே இஸ்மாயில்," என்றார் துரைசானி. "உங்களுக்கும் வாய் மிச்சம்."

2. கதிரையை விட்டு எழும்பாமல்

மாதம் ஒருதடவை வாடிவீட்டைப் பார்வையிட அரசாங்க மேற்பார்வையாளர், ஓவசியர், புத்தளத்திலிருந்து வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். தட்டுமுட்டுச் சாமான்களை எண்ணி, கூரை ஓட்டைப் பார்த்து, கோப்பி குடித்துவிட்டுப் போவார். அவரிடம் மோல்டாக் கடதாசியைக் காட்டினேன்.

"நல்ல விசயம் காணும்," என்றார். "இதே மாதிரி எங்கட ஊருக்கும் ஒண்டு எழுதும். பெரியவை வந்து பாத்தால் எங்களுக்கும் ஒரு மதிப்பு."

இரண்டு நாளில் ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். அந்த இரண்டு நாளும் மேசையை விட்டு நான் அசையவில்லை. மோல்டாவில் பகலில் கடை பூட்டு என்றிருந்த இடத்தில், இங்கே வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டு என்று எழுதினேன். அது சரி. சிரொக்கோ இருந்த இடத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றை எழுதினேன். அதுவும் சரி. அதற்குமேல் என் பேனா தானாகவே ஓடத் தொடங்கியது.

வடக்கே, களப்பு வாயைத் தாண்டி ஒரு சிறிய மணல்தீவு இருக்கிறது. துரைமாருக்கு அதன் வெள்ளை மணலும் குளிக்கிற இடமும் பிடிக்கும். அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் வள்ளக்காரர் சேகுவோடு அதன் ஓரமாகப் போயிருக்கிறேன், இறங்கியதில்லை. அங்கே ஒரு கிணறு இருக்கிறதென்று காக்கா சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் கடதாசியில் நான் எழுதியது இது: "தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. கிணறு ஆழமில்லாததாகக் காணப்பட்டால், உபயோகிக்கு முன் இரண்டு அடி ஆழப்படுத்திக்கொள்வது நன்று."

மோல்டாவில் ஆழக் கிணறு நல்லதென்றால் இங்கேயும் நல்லதுதானே என்று நினைத்தேன். பாறையும் மணலும் ஒன்றா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஓவசியர் புத்தளத்தில் அதை டைப் அடிப்பித்து, அடியில் கையொப்பம் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் போட்டு அனுப்பினார். சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினேன். வந்தவர்கள் வாசித்தார்கள், பாராட்டினார்கள். ஒரு டாக்டர் அதைக் கொப்பி பண்ணிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

3. பெரிய சனிக்கிழமை

பாஸ்கு என்கிற ஈஸ்டர் விடுமுறைக்கு ஹார்வுட் துரையும் துரைசானியும் மறுபடி வந்தார்கள். துரைசானி நேரே போய்ச் சட்டத்தின் முன்னால் நின்று, கடைசி வரி வரை வாசித்தார்.

"மோல்டாவை நீங்கள் தோற்கடித்துவிட்டீர்கள்," என்றார். பிறகு கிணற்று வரிகளைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பெரிய வியாழன் விடியவே சேகு காக்காவின் பாய் வள்ளத்தில் இருவரும் மணல்தீவுக்குப் போனார்கள். திங்கள் திரும்புவதாக ஏற்பாடு. கிணறு இருக்கிறது என்று நான் சொன்னதால் ஒரு சிறிய பீப்பாத் தண்ணீரும் சில சோடாப் போத்தல்களும் மட்டும் கொண்டுபோனார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். விறாந்தையில் நின்று பார்த்தால் சேகு காக்காவின் பாய் தெரிகிறது. இரண்டு நாள் முந்தி வருகிறது. வள்ளத்தில் துரையும் இல்லை, துரைசானியும் இல்லை. நான் வள்ளங்கள் அணையும் ஜெட்டிக்கு ஓடினேன்.

"காக்கா, அவங்க எங்க?"

"தீவுலதான். உசிரோட இரிக்காங்க." அவர் வெறும் பீப்பாவைத் தூக்கிக் கரையில் வைத்தார். "தண்ணி உப்பாப் போச்சு தம்பி. கிணத்தத் தோண்டிட்டாங்க."

"யாரு தோண்டின?"

"தொரதான். மம்பட்டி எடுத்து அவரே எறங்கிட்டாரு. நான் வாணாம் எண்டு சொன்ன. கவர்மெண்டுக் கடதாசியில இரிக்கி எண்டாங்க தொரசானி அம்மா. இஸ்மாயில் எழுதினது எண்டாங்க." காக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எழுதினதாமே. நான் பொறகு என்னத்தச் சொல்ல?"

நான் அந்த வெறும் பீப்பாவை வாடிவீட்டுப் பக்கம் உருட்டத் திரும்பினேன்.

"அவங்களுக்கு இன்னும் ரெண்டு நாளைக்குச் சோடா இரிக்கி," என்றார் காக்கா. "அந்தத் தீவு ஆக்களுக்குத்தான் குடிக்கத் தண்ணி இல்ல."

"தீவுல ஆக்கள் இரிக்காங்களா?"

"ஏழு வாடி. சிலாபத்துப் பக்கத்து ஆக்கள். மீன் காலத்துக்கு வந்து இரிப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஆறு வருடம் அந்த வேலையில் இருந்தும் தெரியாது.

4. மதலேனாள்

வாடிவீட்டுக் கிணற்றில் மூன்று பீப்பாக்களை நிரப்பிக்கொண்டு உடனே புறப்பட்டோம். காற்று சாதகமாக இருந்தது. பின்னேரத் தொழுகைக்கு முன்பே தீவில் இறங்கினோம்.

வாடிகள் என்ற அந்த ஏழு ஓலைக் குடிசைகளும் தீவின் மறுபக்கத்தில், தாழம்புதர்களுக்குப் பின்னால் இருந்தன. கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. பெரிய வெள்ளிக்கும் பாஸ்குவுக்குமாக எல்லோரும் கரையிலுள்ள மாதா கோயிலுக்குப் போயிருந்தார்கள். மதலேனாள் என்ற பெண் மட்டும் மருமகளோடு தங்கியிருந்தாள். மருமகள் பிள்ளை பெற்று நான்கு நாள்.

அவளுக்கு என் வயதிருக்கும். பீப்பாவைக் கண்டதும் குடத்தை நிரப்பிக்கொண்டு வாடிக்குள் போனாள். மருமகள் குடித்து முடிந்த பிறகுதான் வெளியே வந்தாள்.

"கடதாசி எழுதின இஸ்மாயில் நானா நீங்கதானா?" முஸ்லிம் ஆண்களை அவர்கள் அண்ணன் முறையில் 'நானா' என்பார்கள்.

"ஓம்."

"வாங்க, பாருங்க."

கிணறு என்றால் அடி கழற்றிய ஒரு பீப்பாதான். மணலில் இறக்கியிருந்தார்கள். துரை அதை வெளியே எடுத்து, இரண்டடி தோண்டி, மறுபடி இறக்கியிருந்தார். தண்ணீர் நிறைய நின்றது, கண்ணாடி போல. கையில் அள்ளி வாயில் வைத்தேன். கடல்.

"மொதல் ஒரு மணித்தியாலம் நல்லாத்தான் வந்தது," என்றாள் மதலேனாள். "நான் தண்ணி எடுக்க வந்தா வெள்ளக்காரர் உள்ளுக்கு நிக்கிறார். வெளிய வாங்க எண்டு கத்தினேன். அவர் 'கெணறு மோசம், நல்லா ஆக்குறேன்' எண்டு என்னமோ ஒரு தமிழ் பேசுறார். ஏழு குடும்பம் குடிக்கிற கிணறு நானா. எங்க அப்பா காலத்துல எறக்கினது. ஒரு சாண் கூட நாங்க ஆழமாக்கினது இல்ல."

துரையும் துரைசானியும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். துரைசானியின் முகம் சிவந்திருந்தது, வெயிலால் மட்டுமல்ல. துரை என்னிடம் ஆங்கிலத்தில், "கடதாசியில் இருந்ததைத்தான் செய்தேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

"கடதாசி பிழை," என்றேன். "நான் இந்தத் தீவில் இன்றைக்குத்தான் இறங்குகிறேன்."

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அந்தக் கிணற்றடியில் நின்றுகொண்டு வேறெதையும் சொல்ல முடியவில்லை.

மதலேனாள் கேட்டாள்: "அந்தக் கடதாசியில எங்களப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டும் இல்ல."

"நாங்க இருக்கிறதாவது?"

"இல்ல."



5. உப்பின் மேல் மிதக்கிற தண்ணீர்

அப்போதும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. நான்கு பக்கமும் கடல், நடுவில் மணல். இதில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன்.

அவள் தாழம்புதர் ஓரத்துக்கு நடந்தாள். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். ஒரு சிரட்டையால் மணலை விலக்கினாள். முழங்கை ஆழம்கூட இல்லை, மணல் ஈரமானது, பிறகு கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. அதைத் தெளியவிட்டு, மேலாக அள்ளி முதலில் துரைசானியிடம் நீட்டினாள். துரைசானி குடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இனிக்கிறது," என்றார்.

"மேல நிக்கிறது மழத் தண்ணி," என்றாள் மதலேனாள். "கீழ கடல். மேலால அள்ளினா மழ. ஆசப்பட்டுக் கீழ போனா கடல் ஏறி வந்திரும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். துரை அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு வாயில் வைத்தார். "ஆமாம், உப்புத் தண்ணீர் பாரம் கூடியது. நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கும்," என்றார். "நான் அந்தத் தட்டைக் குத்தி ஓட்டையாக்கிவிட்டேன்."

ஆனால் சிரட்டைக் குழிகளில் ஊறுகிற தண்ணீர் ஏழு குடும்பத்துக்குப் போதாது. கிணற்றுக்கு வழி என்ன என்று கேட்டேன்.

"தோண்டினத மூடுங்க. வெள்ள மணலால மூடுங்க, சேத்து மணல் வாணாம். பிறகு ஒருத்தரும் கிட்டப் போகாம விடுங்க. மழ வந்தாத்தான் சொல்லலாம்."

அன்றும் ஞாயிறு காலையும் துரையும் நானும் சேகு காக்காவும் மணல் சுமந்தோம். துரைசானி சாக்கைப் பிடித்தார். ஞாயிறு பகல் கோயிலிலிருந்து வள்ளங்கள் திரும்பின. ஆண்கள் கிணற்றைப் பார்த்துவிட்டு எங்களைச் சூழ்ந்து நின்றார்கள். மதலேனாளின் மகன், புதுப் பிள்ளையின் தகப்பன், துரையின் கையிலிருந்த மம்பட்டியைப் பிடுங்கி எறிந்தான். சட்டையைப் பிடித்துவிடுவானோ என்று நினைத்தேன். மதலேனாள் இடையில் வந்தாள்.

"தண்ணி கொண்டு வந்திருக்காங்க. மொதல்ல குடி, பிறகு சண்ட பிடி."

அவன் குடிக்கவில்லை. ஆனால் ஒதுங்கிப் போனான்.

திங்கட்கிழமை திரும்பியதும் துரை தோட்டத்துக்குத் தந்தி அடித்து விடுமுறையை நீட்டினார். வாடிவீட்டுக் கிணறு வாடிவீட்டுக்கே போதாது, கற்பிட்டியின் மற்றக் கிணறுகள் பல அந்தக் கோடையில் உப்பேறிச் சவர்த்துவிட்டன. பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டித் தோட்டங்களில் நல்ல தண்ணீர் இருந்தது. துரை தன் காரின் பின் கதிரையைக் கழற்றி வைத்துவிட்டு, பீப்பாக்களை ஏற்றி ஜெட்டிக்குக் கொண்டுவந்தார். முதல் நாளே மணலில் கார் புதைந்தது. தென்னோலைக் கிடுகு போட்டு, டயரில் காற்று இறக்கி வெளியே எடுத்தோம். ஐந்து நாள் துரையும் துரைசானியும் அப்படித் தண்ணீர் ஏற்றி ஓடினார்கள். அவர்கள் போன பிறகு நான் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளைக்கு ஒருதடவை சேகு காக்காவின் வள்ளம் போய்வந்தது.

6. கையொப்பம்

மாத முடிவில் ஓவசியர் வந்தார். அவர் கோப்பியைத் தொடுமுன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீர் அந்தத் தீவுக்குப் போய்ப் பாத்துத்தானே எழுதினீர்?"

"இல்ல ஐயா."

அவர் எழுந்து சட்டத்தின் முன்னால் போய் நின்றார். தன் கையொப்பத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நானும் போகேல்லை," என்றார். "கிணத்து வரியை வாசிச்சதாக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. உம்மைத் துரத்தினால் என்னையும் துரத்தவேணும். கழட்டும் அதை."

கழற்றினேன்.

"இனி எழுதிற ஒவ்வொரு வரியும் நீர் போய்ப் பாத்ததா இருக்கவேணும். பாக்காதது எண்டால் ஆர் சொன்னது எண்டு பேரைப் போடும். நானும் வாசிச்சுப்போட்டுத்தான் கையெழுத்து வைப்பன்."

வைகாசி தொடக்கத்தில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் போனேன். மதலேனாள் கிணற்றில் மேலாக அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். அடுத்த கிழமை மறுபடி மழை. மறுபடி போனேன். அன்றைக்குத் துப்பவில்லை, விழுங்கினாள். இன்னொரு கை அள்ளி எனக்கும் தந்தாள். கொஞ்சம் சவர்ப்பு இருந்தது. குடிக்கலாம்.

7. புதிய கடதாசி

புதியதை எழுத எனக்கு எட்டு மாதம் எடுத்தது. ஓய்வு நாட்களில் எல்லாம் நடந்தேன். எனக்கே தெரியாத ஊரில் நான் வேலை பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதில் சில வரிகள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன:

"விறாந்தையில் ஓலைத் தொப்பியை வைத்துவிட்டுப் போகவேண்டாம். கழுதைகள் தின்னும். நானே கண்டேன்."

"மத்தியானத்துக்குப் பிறகு காற்று கூடும். தீவுக்குப் போகிறவர்கள் விடியப் புறப்படவேண்டும். வள்ளக்காரர் இன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். சொன்னவர் சேகு."

"குடிதண்ணீரை முழுவதும் கொண்டுபோகவேண்டும். தீவுக் கிணற்றுத் தண்ணீர் அங்கிருப்பவர்களுடையது. மண்வெட்டியால் தொடக்கூடாது. சொன்னவர் மதலேனாள்."

"தீவில் மீன்காலத்தில் ஏழு குடும்பங்கள் வசிக்கின்றன. இறங்கியதும் முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லவும்."

ஹார்வுட் துரைசானிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். எட்டுக் கேள்விகளோடு பதில் வந்தது. அவற்றில் ஆறு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது, போய்த்தான் பார்க்கவேண்டியிருந்தது.

அடுத்த மீன்காலம் தொடங்கியதும் கடதாசியை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனேன். மதலேனாள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாததால் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கழுதை வரிக்குச் சிரித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் கையைத் துடைத்துவிட்டு, எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏழு குடும்பம் என்றதும் தலையை ஆட்டினாள்.

"பிழை நானா. எட்டு. மகன் பொஞ்சாதி பிள்ளையோட தனி வாடி போட்டிருக்கான்."

அங்கேயே, கருவாட்டுப் பாயின் ஓரத்தில் கடதாசியை வைத்து, ஏழு என்பதை வெட்டி எட்டு என்று எழுதினேன்.

பயணிகளுக்கு ஆலோசனை எழுதப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் எழுதுகிற இடத்தில் யாரோ குடியிருக்கிறார்கள். எழுதுமுன் அவர்களிடம் போய் நில்லுங்கள். எழுதிய பிறகு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வருடம் மறுபடியும் போய்க் கேளுங்கள்.